திறந்த இதய அறுவை சிகிச்சை: நுரையீரலைக் காப்பது எப்படி?

திருப்பதி: நாராயணவனத்திலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தில் திறந்த இதய அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. இத்தகைய சிகிச்சையில் நுரையீரலைக் காப்பதும் முக்கியப் பணியாகும்.

இதய-நுரையீரல் இயந்திரம் இயங்கும் வேளையில் நுரையீரல் பெரும்பாலும் சுருங்கியே இருக்கும். காற்றறைகள் மூடிக்கொண்டு சளி தேங்கினால் நிமோனியா ஏற்படலாம். எனவே செயற்கை சுவாசத்தில், உயரத்தைக் கொண்டு கணக்கிடப்படும் எடையில் கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. காற்றே ஒரு மூச்சுக்குச் செலுத்தப்படுகிறது.

சுவாசக் குழாயை அகற்றிய பின், நெஞ்செலும்பு வலிக்கு அஞ்சிப் பலர் இருமலை அடக்குகின்றனர். அதுவே ஆபத்து. தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமினால் வலி குறையும். மூன்று பந்துக் கருவியில் காற்றை உள்ளிழுக்க வேண்டும், ஊதக் கூடாது. புகைப்பழக்கத்தை அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே கைவிடுவது நல்லது.