விலகிப்போன கடல்

தூத்துக்குடி மாவட்டத்தில் வயல்களும் வாழைத்தோட்டங்களும் சூழ அமைந்த சிற்றூர் கொற்கை. அவ்வூரில் நின்று பார்ப்போர்க்குக் கடல் கண்ணில் படுவதில்லை. கிழக்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் சென்றால்தான் அலைகளைக் காணலாம். ஆயினும் சங்கப் புலவர்கள் கொற்கையை முத்து விளையும் பாண்டியர் துறைமுகமாகவே பாடினர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூலும் அதனைக் 'கொல்கி' எனக் குறிப்பிட்டு, தண்டனை பெற்ற கைதிகள் அங்கு முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது. துறைமுகம் இருந்தது உண்மையெனில், கடல் எங்கே போயிற்று?

விடை தாமிரபரணியிடம் உள்ளது. பொதிகையிலிருந்து இறங்கும் அவ்வாறு, ஒவ்வொரு வெள்ளத்திலும் வண்டலைச் சுமந்துவந்து கழிமுகத்தில் படியவிட்டது. கடலலைகளும் நீரோட்டங்களும் மணலைக் கொணர்ந்து சேர்த்தன. நூற்றாண்டுகள் பல கடந்தபோது கரை கிழக்கு நோக்கி வளர்ந்தது; நெய்தல் மருதமாயிற்று எனலாம். கப்பல்கள் அணுக இயலாத நிலையில் வணிகம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட செழிப்பான துறை அதுவே. பின்னர்க் காயலும் தூர்ந்தது, தூத்துக்குடி எழுந்தது.

இம்மாற்றத்திற்கான சான்றுகளை மண்ணே காத்து வைத்திருந்தது. திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை 1881இல் வெளியிட்ட கால்டுவெல், கொற்கையில் நிலத்தைத் தோண்டியபோது கடற்சிப்பிகள் கிடைத்ததைப் பதிவு செய்துள்ளார். 1968-69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. அங்கு எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. 2021இல் அகழாய்வு மீண்டும் அங்கே தொடங்கியது.

கரை நகர்ந்தாலும் முத்துக்கள் கடலிலேயே இருந்தன. மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை, அழகானதும்கூட. உயிரியல் கூறுவது வேறு. சிப்பியின் உடலை மூடியிருக்கும் 'மேண்டில்' என்னும் மென்திசுவில் ஒட்டுண்ணியோ வேறு அயற்பொருளோ புகுந்துவிட்டால், சிப்பி அதனைச் சுற்றிக் கால்சியம் கார்பனேட்டை மெல்லிய அடுக்குகளாகச் சுரக்கிறது. அவ்வடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதே முத்தின் மினுமினுப்பு.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்திலுள்ள பாறைத் திட்டுகளில் வாழ்கின்றன. அத்திட்டுகளைக் கடலோடிகள் 'பார்' என்பர். சிப்பிக்குஞ்சு நூல் போன்ற இழைகளால் பாரைப் பற்றிக்கொண்டு வளரும். நீரோட்டம் மணலை வாரிவந்து மூடினாலும், சிப்பியுண்ணும் மீன்கள் கூட்டமாகப் புகுந்தாலும் ஒரு பருவத்தின் சிப்பிகள் முழுவதும் அழிந்துவிடும். அதனால்தான் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடைபெறவில்லை; பல ஆண்டுகள் வெறுமையாகக் கழிந்தபின் ஓராண்டில் பெருவிளைச்சல் வரும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. ஒற்றை மூச்சில் கடலடி வரை சென்று மீண்ட மூழ்குநரின் தலைமுறைத் தொழில் அத்துடன் நின்றது. 1973இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வேப்பலோடையில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். 1981இல் சிப்பிக்குஞ்சுகளையும் பொரிப்பகத்தில் பெருக்கினர். எனினும், இயற்கைப் பார்களில் பழைய வளம் திரும்பவில்லை.

அதே கடலில் பவளப்பாறைகளுக்கு நேர்ந்தது இன்னும் கொடிது. சுண்ணாம்பிற்காகவும் கட்டுமானத்திற்காகவும் அவை நெடுங்காலம் வெட்டியெடுக்கப்பட்டன. அலையின் வேகத்தைத் தணித்த அவ்வரண் சிதைந்ததும் தீவுகள் கரையலாயின. வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. 10,500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. சட்டம் வெட்டுவோரைத் தடுக்கும். கடல்நீர் சூடேறுவதை அதனால் தடுக்க இயலாது. 2016ஆம் ஆண்டின் கோடையில் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் அரிப்பினால் மிகவும் சுருங்கிப்போயிற்று. 2015 முதல் தமிழ்நாடு அரசு அதன் அருகே கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கியது. அலையின் வேகம் தணிந்த இடங்களில் மணல் மெல்லச் சேரத் தொடங்கியது.