லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை விழுந்தால்

கந்தப்பளையிலிருந்து மரக்கறி லொறி புறப்படுமுன் தம்புள்ளை விலையைப் பார்த்தாக வேண்டும். அந்நேரம் மடிக்கணினியில் வைஃபை அறுந்தால் நட்டம் நமக்குத்தான். லினக்ஸ் பாவிக்கும் வியாபாரிகள் சிலர் உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிகிறார்கள். கணக்குகளும் சேர்ந்து போய்விடுகின்றன. என்னைக் கேட்டால் அது வீண்வேலை.

கைத்தொலைபேசியில் அதே வைஃபை கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் கோளாறு கணினியில். லினக்ஸில் பெரும்பாலும் வைஃபையைக் கவனிப்பது நெட்வொர்க்மேனேஜர் என்ற தனிச் சேவை. ரெட் ஹெட் நிறுவனம் 2004இல் தொடங்கியது. அது விழுந்தால் அதை மட்டும் எழுப்பினால் போதும். டெர்மினலைத் திறந்து, ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நெட்வொர்க்மேனேஜர்’ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். கடைசிச் சொல்லில் என், எம் இரண்டும் பெரிய எழுத்து. அநேகர் தடுக்கி விழுவது இங்கேதான்!

மறுபடி மறுபடி விழுகிறதா? ‘ஜேர்னல்சிடிஎல்’ என்று அடித்து, வரும் பதிவின் கடைசி வரிகளை வாசியுங்கள். வைஃபை அட்டையின் பெயரோடு ‘ஃபேர்ம்வெயர்’ பிழை தெரிந்தால் குற்றம் மேனேஜரில் இல்லை. ரவுட்டரிலிருந்து கேபிள் செருகி லினக்ஸைப் புதுப்பியுங்கள். உபுண்டுவில் மின்சேமிப்பும் சில அட்டைகளின் இணைப்பை அறுக்கும். ‘ஈடிசி’ கோப்புறையில் நெட்வொர்க்மேனேஜர், அதனுள் ‘கொன்ஃப்.டி’, அங்குள்ள கோப்பில் ‘வைஃபை.பவர்சேவ்’ 3 என்றிருந்தால் 2 ஆக்கி, சேவையை மீண்டும் எழுப்புங்கள்.