நல்ல விஞ்ஞானி நல்ல தலைவராகவும் ஆகிவிடுவாரா? வேளாண் அறிவியல் நிலையங்கள் சொல்லும் பாடம்

ஆபீஸில் சூப்பராக கோடிங் எழுதுபவரை டீம் லீட் ஆக்கிவிடுவார்கள். அடுத்த மாதத்திலிருந்து அவருக்கு லீவு அப்ரூவலும் அப்ரைசலும் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். டீமை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

ஐ.டி. துறையில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். வேளாண் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பணியிலும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அங்கே தலைமை தடுமாறினால் அடி விழுவது ஒரு விவசாயியின் ஒரு போக விளைச்சலில். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

விரிவாக்கப் பணி என்றால் என்ன?

வேளாண் பல்கலைக்கழகத்துக்கு மூன்று வேலைகள்: பாடம் நடத்துவது, ஆராய்ச்சி செய்வது, அந்த ஆராய்ச்சியை வயலுக்குக் கொண்டுபோவது. மூன்றாவதுதான் விரிவாக்கம். அமெரிக்காவில் 1914-ல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம், பல்கலைக்கழகமும் அரசும் சேர்ந்து இந்த வேலையைச் செய்ய வழி செய்தது. அந்த அமெரிக்கப் பல்கலைக்கழக மாதிரியைப் பார்த்துத்தான் 1960-ல் பந்த்நகரில் இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971-ல் வந்தது.

மூன்றே ஆண்டுகளில் அதற்கு ஒரு முக்கியமான பொறுப்பு கிடைத்தது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் (கே.வி.கே.) 1974-ல் புதுச்சேரியில் இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் தொடங்கப்பட்டது. இன்று நாடு முழுக்க 700-க்கும் அதிகமான கே.வி.கே.க்கள் இருக்கின்றன. திரூர், பாப்பாரப்பட்டி, விரிஞ்சிபுரம், வம்பன், நீடாமங்கலம், பொங்கலூர் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே விவசாயிகளுக்குத் தெரியும்.

16 பேர், பல முதலாளிகள்

ஒரு கே.வி.கே.வுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 16. முதுநிலை விஞ்ஞானி மற்றும் தலைவர் ஒருவர். பயிர், தோட்டக்கலை, பூச்சி நோய், மனையியல் என்று ஆறு தொழில்நுட்ப வல்லுநர்கள். மற்றவர்கள் பண்ணை மேலாளர், லேப், அலுவலகப் பணியாளர்கள், டிரைவர்கள், உதவியாளர்கள். ஒரு முழு மாவட்டத்துக்கு இவ்வளவுதான் ஆட்கள். அதிலும் ஓரிரு இடங்கள் காலியானால்? மீதி இருப்பவர்கள்தான் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

தலைவரின் நாற்காலி இன்னும் சிக்கலானது. பணம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து (ஐ.சி.ஏ.ஆர்.) வருகிறது. வேலையைக் கண்காணிப்பது ஹைதராபாத்தில் உள்ள ‘அடாரி’ மண்டல அலுவலகம். நிர்வாகம் பல்கலைக்கழகத்தின் கையில். நடுவில் மாவட்ட நிர்வாகமும் வேளாண்மைத் துறையும் கூப்பிடும். எல்லா கே.வி.கே.க்களையும் பல்கலைக்கழகங்களே நடத்துவதும் இல்லை. சிலவற்றைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஒரே வேலையைச் செய்பவர்களுக்கும் ஓய்வூதியம் போன்ற சலுகைகள், நடத்தும் நிறுவனத்தைப் பொறுத்து மாறும். இந்த வருத்தத்தோடு வேலை செய்பவர்களையும் உற்சாகமாக வைத்திருப்பது தலைவரின் பொறுப்பு. பூச்சியியலில் பிஎச்.டி. முடித்த ஒருவருக்கு இதெல்லாம் எந்த செமஸ்டரிலும் பாடமாக வந்திருக்காது, இல்லையா?

பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது...

தலைமை என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள ஒரு நிஜ உதாரணம். 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பூச்சி. அதை அடக்கும் அளவுக்கு இயற்கை எதிரி அப்போது இங்கே இல்லை. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. மெழுகு போன்ற வெள்ளைப் படலம் மூடியிருப்பதால் மருந்து அடித்தும் சரியாக அடங்கவில்லை.

2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றில் ‘அசெரோபேகஸ் பப்பாயே’ என்ற குட்டிக் குளவி நன்றாக வேலை செய்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் ஆராய்ச்சி நிலையங்களிலும் கே.வி.கே.க்களிலும் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. 2011 வாக்கில் பூச்சி பெருமளவு கட்டுக்குள் வந்தது.

கேட்க சிம்பிளாக இருக்கிறது. ஆனால் உள்ளே எத்தனை வேலை என்று யோசியுங்கள். முளைவிட்ட உருளைக்கிழங்கில் முதலில் மாவுப்பூச்சியையே வளர்க்க வேண்டும், பிறகு அதன்மேல் குளவியை வளர்க்க வேண்டும். லேப் ஆள் ஒரு நாள் கவனிக்காமல் விட்டாலும் சிக்கல். உயிருள்ள குளவியை நேரத்துக்கு வயலில் சேர்க்க வண்டியும் டிரைவரும் தயாராக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், கண்ணெதிரே பயிர் வெளுத்துக் கிடக்கும் விவசாயியிடம் போய், “மருந்து அடிக்காதீங்க, அடிச்சா குளவி செத்துடும், கொஞ்சம் பொறுங்க” என்று சொல்ல வேண்டும். அவர் அதை நம்ப வேண்டும்!

குளவியைத் தேர்ந்தெடுத்தது அறிவியல். லேப் ஆளையும் டிரைவரையும் வல்லுநரையும் விவசாயியையும் ஒரே திசையில் நகர்த்துவதற்குத் தலைமை வேண்டும். 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோதும் இதே தேவை திரும்ப வந்தது. அடுத்த பூச்சி வரும்போதும் வரும்.

அப்போ பயிற்சியே இல்லையா?

இருக்கிறது. ஹைதராபாத்தில் 1976-ல் தொடங்கிய ‘நார்ம்’ அகாடமி, ஐ.சி.ஏ.ஆர். விஞ்ஞானிகளுக்கு அடிப்படைப் பயிற்சியும் தலைமைப் பொறுப்புக்குப் போகிறவர்களுக்கு மேலாண்மைப் பயிற்சியும் தருகிறது. விரிவாக்கத்துக்கென்றே 1987-ல் ‘மேனேஜ்’ நிறுவனம் வந்தது. தென் மாநிலங்களுக்கான விரிவாக்கக் கல்வி நிலையமும் அதே நகரத்தில்தான். தமிழ்நாட்டில் வேளாண் துறை அலுவலர்களுக்குக் குடுமியான்மலையில் ‘ஸ்டாமின்’ இருக்கிறது.

பிறகு என்ன பிரச்சினை? மூன்று விஷயங்களைச் சொல்லலாம்.

1. நேரம். பெரும்பாலான பயிற்சிகள் சில நாட்களோ சில வாரங்களோதான். முடித்துவிட்டு வந்தால் மேசையில் அதே ஃபைல்கள். கற்றதைச் செய்துபார்க்க யாரும் இடம் கொடுக்காவிட்டால் சான்றிதழ் மட்டும்தான் மிச்சம்.

2. மதிப்பீடு. ஆராய்ச்சிக் கட்டுரையை எண்ணிவிடலாம், நடத்திய பயிற்சி முகாம்களையும் எண்ணிவிடலாம். ஜூனியர் ஒருவரை வளர்த்துவிட்டதை எப்படி எண்ணுவது? எண்ண முடிகிற வேலை மேலே வரும். எண்ண முடியாதது பின்னுக்குப் போகும்.

3. கைமாற்றம். மாறுதலில் போகும் தலைவர் சாவியையும் ரெஜிஸ்டரையும் ஒப்படைக்கலாம். எந்த ஊரில் யார் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்கள் என்ற அறிவு அவரோடே கிளம்பிவிடும்.

என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. தலைவர் ஆன பிறகு பயிற்சி கொடுப்பதைவிட, ஆவதற்கு இரண்டு வருடம் முன்பே ஒரு சின்னத் திட்டத்தை முழுசாக ஒப்படைத்துப் பார்க்கலாம். புதிதாகச் சேர்பவரை ஒரு பருவம் முழுக்க சீனியருடன் வயலுக்கு அனுப்பலாம். மாறுதலுக்கு முன் ஒரு வாரமாவது பழையவரும் புதியவரும் சேர்ந்து கிராமங்களைச் சுற்றலாம்.

ஏற்கெனவே கையில் ஒரு கருவியும் இருக்கிறது. ஒவ்வொரு கே.வி.கே.வுக்கும் அறிவியல் ஆலோசனைக் குழு உண்டு. அதில் விவசாயிகளும் உறுப்பினர்கள். கூட்டம் பவர்பாயின்ட்டோடு முடிந்துவிடாமல், “போன வருஷம் நாங்க சொன்னதுல எது உங்க நிலத்துல எடுபடலை?” என்று கேட்டால் போதும். அந்தப் பதிலைக் கோபப்படாமல் கேட்டு, அடுத்த ஆண்டுத் திட்டத்தை அதற்கேற்ப மாற்றுபவர்தான் தலைவர்.

உங்கள் குடும்பத்தில் யாராவது விவசாயம் செய்கிறார்களா? மாவட்ட கே.வி.கே. எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேடி அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். போனில் சந்தேகம் கேட்க கிசான் கால் சென்டர் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1800-180-1551. தமிழிலேயே பேசலாம்.