டார்வின் நகரத்துக் கலைச் சந்தையும் நமது சங்கங்களும்

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் செல்வோர் தேரோடும் வீதிகளில் பலவகைக் கைவினைப் பொருள்கள் பரப்பியிருப்பதைக் காண்கின்றனர். விலை பேசி வாங்குகின்றனர். கொடுத்த காசில் செய்தவர் கைக்குச் சேர்வது எவ்வளவு என்று கேட்பவர் அரியர். நெய்பவருக்கும் விளைவிப்பவருக்கும் இக்கேள்வி புதிதன்று; கூட்டுறவு இயக்கம் பிறந்ததே இதிலிருந்துதான். கடல் கடந்த ஒரு நகரத்தில் இதற்குக் கண்ட விடையை நம் அங்கத்தினர்கள் அறிவது நலம்.

ஊரும் சந்தையும்

ஆஸ்திரேலியாவின் வடகரையில் உள்ளது டார்வின். பூமத்திய ரேகைக்கு வடக்கே கடலூர் எவ்வளவு தொலைவோ, ஏறத்தாழ அவ்வளவு தொலைவு தெற்கே அந்நகரம். வெயிலும் பருவமழையும் புயலும் இரண்டுக்கும் பொது. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் நம் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 1974 கிறிஸ்துமஸ் நாளில் ‘டிரேசி’ புயல் டார்வினின் பெரும்பகுதியை அழித்தது.

அங்கே மழையற்ற ஆகஸ்டு மாதத்தில், வார இறுதியையொட்டிப் பூர்வகுடி மக்களின் கலைச் சந்தை கூடுகிறது. 2007-இல் தொடங்கிய இதில் அண்மை ஆண்டுகளில் எழுபதுக்கும் மேற்பட்ட கலை நிலையங்கள் பங்கு கொண்டன. மரப்பட்டையில் தீட்டிய ஓவியங்கள், அச்சிட்ட துணிகள், நம் கடற்கரைத் தாழையின் இனத்தைச் சேர்ந்த செடியின் ஓலையைச் சாயம் தோய்த்து முடைந்த கூடைகள் எனப் பல பொருள்கள் வருகின்றன. விற்பனைத் தொகை முழுவதும் கலை நிலையங்களுக்கே செல்கிறது; சந்தை நடத்துவோர் அதில் கழிவு எடுப்பதில்லை.

கலை நிலையம் இயங்கும் முறை

கலை நிலையம் என்பது அவ்வூர் மக்களுக்கே சொந்தமானது. நமது நெசவாளர் சங்கத்தை ஒத்தது. சங்கம் நூல் கொடுத்துத் துணி பெறுவதுபோல, நிலையம் சாயமும் திரைத்துணியும் கொடுத்து ஓவியத்தைப் பெற்று விற்கிறது. ஒரு பங்கு கலைஞருக்கு. மறு பங்கு நிலையத்தின் செலவுக்கு. செய்தவர் பெயரும் ஊரும் எழுதிய சான்றிதழும் பொருளுடன் செல்கிறது. பாலைநிலத்து ஓவியர்கள் தாமே உடைமையாளராக ‘பப்பன்யா டுலா’ நிறுவனத்தை 1972-இல் அமைத்தனர்.

இழப்பு நேர்ந்த விதம்

இத்தகைய அமைப்பு ஏன் வேண்டும்? கிளிஃபோர்ட் பாசம் என்னும் ஓவியர் தீட்டிய ஓர் ஓவியம் 1977-இல் 1,200 டாலருக்கு விலை போயிற்று. அதே ஓவியம் 2007-இல் 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஓவியர் 2002-இலேயே மறைந்துவிட்டார். உயர்ந்த விலையில் அவர் குடும்பத்திற்குச் சட்டப்படி ஒரு காசும் உரியதாகவில்லை. பின்னர் 2010-இல் வந்த சட்டம், மறுவிற்பனையில் நூற்றுக்கு ஐந்து வீதம் கலைஞருக்கோ வாரிசுக்கோ சேர வழி செய்தது.

மற்றொரு வழக்கு நெசவாளருக்கு நெருக்கமானது. பூர்வகுடி ஓவியர்களின் புனிதக் கோலங்களை அனுமதியின்றி வியட்நாமில் கம்பளமாகச் செய்வித்து ஒரு கம்பெனி விற்றது. மிதிக்கக் கூடாத கோலம் காலடியில் கிடந்தது. 1994-இல் நீதிமன்றம் சுமார் 1,88,000 டாலர் நஷ்டஈடு விதித்தது. கோலத்திற்கும் உரியவர் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டில்

நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை செய்கின்றனர். கோடு வரைந்து கொள்வதில்லை; பாவும் ஊடையும் எண்ணியே ஊசி செல்கிறது. இவ்வேலைக்கு 2013-இல் புவியியல் குறியீடு கிடைத்தது. ஆயினும் குறியீடு தானாகக் காவல் செய்யாது. அச்சிட்ட போலி மலிவாக வருமிடத்தில் எது கைவேலை என்று காட்டிக் கொடுக்க உற்பத்தியாளரின் அமைப்பு விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

கண்காட்சிக்கு அனுப்பும் ஒவ்வொரு புடவையிலும் நெய்த அங்கத்தினர் பெயரையும் ஊரையும் எழுதி இணைக்கலாம். அங்கத்தினர் வகுத்த புதுக்கரையைத் தேதியுடன் சங்கப் பதிவேட்டில் ஒட்டி வைக்கலாம். தகராறு எழுந்தால் அதுவே சாட்சி. பிறர் கோலத்தை எடுத்தாளுமுன் அவர்தம் இசைவைப் பெறுதல் நம் கடமை. விளைபொருளுக்கும் இது பொருந்தும்; முந்திரிப் பையின்மேல் வாங்கி விற்றவர் பெயர் மட்டும் இருந்தால் விளைவித்த ஊரை வாங்குவோர் அறிவதெப்படி?

இவற்றுக்குப் பெருமுதல் தேவையில்லை. அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்திலேயே தீர்மானமாகக் கொண்டுவரத் தக்கவை இவை.