300 கெல்வின் அறையில் 3 கெல்வின் வானம்

டீ வந்துவிட்டதா? குடித்துக்கொண்டே கேளுங்கள். உங்கள் கையில் இருக்கும் டம்ளர் இந்த நிமிடமே நுண்ணலைகளை உமிழ்ந்துகொண்டிருக்கிறது. மேஜை, சுவர், மின்விசிறி, நீங்கள், நான் எல்லாம் அப்படித்தான். எந்தப் பொருளும் அதன் வெப்பநிலைக்குத் தக்கபடி கதிர்வீசும். அறை வெப்பநிலை கெல்வின் கணக்கில் 300. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாம் பேசப்போவது 2.725 கெல்வினைப் பற்றி.

பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழித்து, பிரபஞ்சம் ஆறி முதல் அணுக்கள் உருவானபோது, அதுவரை முட்டிமோதிக்கொண்டிருந்த ஒளி விடுபட்டு ஓடத் தொடங்கியது. 1380 கோடி ஆண்டுகள் ஓடி, வழியில் நீட்சியடைந்து, இன்று எல்லாத் திசைகளிலிருந்தும் நுண்ணலையாக வந்து சேர்கிறது. இதுதான் அண்ட நுண்ணலைப் பின்புலம். சராசரி வெப்பநிலை 2.725 கெல்வின், இடத்துக்கு இடம் உள்ள ஏற்ற இறக்கம் 100 மைக்ரோகெல்வின் அளவு. அந்த ஒளியின் தளவிளைவு, அதாவது அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்ற தகவல், சில மைக்ரோகெல்வின்தான்.

இதைப் பார்க்கிற தொலைநோக்கிகளைத் தென் துருவத்திலோ, சிலியின் அட்டகாமா பாலையில் 5,200 மீட்டர் உயரத்திலோ, விண்வெளியிலோ வைக்கிறார்கள். ஆனால் அங்கே போவதற்கு முன் கருவி வேலை செய்கிறதா என்று ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில் சோதித்தாக வேண்டும். சுற்றிலும் 300 கெல்வினில் எல்லாம் ஒளிர்ந்துகொண்டிருக்கும் அறையில், 3 கெல்வினைக்கூட எட்டாத வானத்துக்காகச் செய்த கருவியை எப்படிச் சோதிப்பது?

பழைய கதையிலிருந்து வருவோம். நியூ ஜெர்சியில், பெல் ஆய்வகத்தின் ஹோம்டெல் ஆன்டெனாவில் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 1964-65இல் ஒரு விளங்காத இரைச்சலைக் கேட்டார்கள், 1978இல் நோபல் பரிசு வாங்கினார்கள். ஆன்டெனாவுக்குள் கூடு கட்டிய புறாக்களை விரட்டி, எச்சத்தைச் சுரண்டிய கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தப் புறாக்களுக்குக் கிடைத்த புகழ் கொஞ்சம் அதிகம் என்றே படுகிறது. உண்மையில் வேலை செய்தது, திரவ ஹீலியத்தில் குளிரூட்டிய ஓர் ஒப்பீட்டுக் கருவி. மளிகைக் கடைத் தராசை நம்ப முத்திரை குத்திய படிக்கல் வேண்டும் அல்லவா, அதுபோல அவர்களுக்கு வெப்பநிலை தெரிந்த ஒரு குளிர்ந்த பொருள் வேண்டியிருந்தது. பென்சியாஸ் அதைத் தானே செய்தார். வானத்தையும் படிக்கல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோதுதான், வானத்திலிருந்து 3.5 கெல்வின் அளவுக்குக் கூடுதலாக ஏதோ வருகிறது என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடிந்தது.

1989 நவம்பரில் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள் இந்த உத்தியை உச்சத்துக்குக் கொண்டுபோனது. அதிலிருந்த ஃபிராஸ் கருவிக்குக் கூம்பு வடிவில் ஒரு படிக்கல்: இரும்புத்தூள் கலந்த எபாக்ஸியால் ஆனது, தன்மேல் விழும் நுண்ணலையில் 99.99 விழுக்காட்டுக்கு மேல் விழுங்கிவிடும். வானத்தை நோக்கிய கொம்பு வடிவக் குழலின் வாயில் இந்தக் கூம்பை அவ்வப்போது மூடிபோலச் செருகுவார்கள்; வெப்பநிலையை வேண்டியபடி ஏற்றி இறக்கலாம். ஃபிராஸ் குழுவின் ஜான் மாத்தர் 1990 ஜனவரியில் வானியலாளர்கள் கூட்டத்தில், வெறும் ஒன்பது நிமிடத் தரவிலிருந்து வரைந்த நிறமாலை வளைவைக் காட்டியபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வானம் ஒரு கச்சிதமான கரும்பொருள், அதாவது வெப்பநிலை மட்டுமே கதிர்வீச்சைத் தீர்மானிக்கும் பொருள் என்றும், விலகல் இருந்தாலும் லட்சத்தில் 5 பங்கைத் தாண்டாது என்றும் பின்னர் உறுதியானது. வானத்தைப் பற்றிய அந்த வாக்கியத்தில் பாதி, அந்த எபாக்ஸிக் கூம்பைப் பற்றியது.

இனி இன்றைய கருவிகள். அட்டகாமாவில் உள்ள சைமன்ஸ் வானாய்வகத்தை எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் தொலைநோக்கி ஒன்று, அரை மீட்டருக்கும் குறைந்த துளையுள்ள சிறிய தொலைநோக்கிகள் சில, எல்லாவற்றிலும் சேர்த்து 60,000க்கும் மேற்பட்ட உணரிகள். ஒவ்வோர் உணரியும் ஒரு மீக்கடத்தித் துணுக்கு. மீக்கடத்திக்கு ஒரு நிலைமாறு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே மின்தடை பூஜ்யம், மேலே சாதாரண உலோகம். அந்த மாற்றம் மயிரிழை இடைவெளியில் நடந்துவிடும். துணுக்கை அந்த விளிம்பிலேயே நிறுத்திவைத்தால், வானத்திலிருந்து துளி வெப்பம் விழுந்தாலும் தடை சட்டென்று மாறும். இந்த உணரிகளுக்கு அந்த விளிம்பு 0.16 கெல்வின் அளவில் இருக்கிறது. ஆகவே அவை உட்கார்ந்திருக்கும் தட்டை 0.1 கெல்வினுக்குக் கொண்டுபோக வேண்டும். 2.4 மீட்டர் விட்டமுள்ள கிரையோஸ்டாட் என்னும் குளிர்க்கலத்தில் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய உறைகளைப் படிப்படியாகக் குளிரூட்டினால், அந்த இடத்துக்கு வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். ஆய்வகத்தில் நின்றால் முதலில் காதில் விழுவது குளிரூட்டியின் சத்தம்: நொடிக்கு ஏறத்தாழ 1.4 முறை, ச்சிக், ச்சிக். அந்தத் துடிப்பே அதிர்வாகி உணரிக்குள் புகுந்து தரவில் தலைகாட்டுகிறதா என்பதும் ஒரு சோதனைதான்.

முதலில் கிரையோஸ்டாட்டின் ஜன்னலை மூடிவிட்டு இருட்டில் சோதிப்பார்கள். உணரிக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்து மின்னோட்டத்தை அளந்தால் ஒரு வளைவு கிடைக்கும். சாதாரண உலோகமாக இருக்கும்வரை மின்னோட்டமும் சேர்ந்தே குறையும். விளிம்பைத் தொட்டதும் திரும்பி ஏறத் தொடங்கும். அந்தத் திருப்பத்தில்தான் உயிர் இருக்கிறது. அங்கே உணரி தன்னைத்தானே சமன்செய்துகொள்கிறது: வெளியிலிருந்து வெப்பம் வந்தால், அதற்கு ஈடாக மின்சாரம் கொடுக்கும் வெப்பம் குறைந்துவிடும். மின்சாரக் கணக்கை பிகோவாட் வரை நம்மால் துல்லியமாகப் போட முடியும் என்பதால், ஒளியின் கணக்கும் அதிலிருந்தே வந்துவிடுகிறது.

அடுத்து, கிரையோஸ்டாட்டுக்குள்ளேயே உணரிக்கு எதிரே ஒரு கறுப்புத் தட்டை வைப்பார்கள். இதுதான் இன்றைய படிக்கல். அதை 10 கெல்வினுக்குச் சூடாக்கி ஒரு வளைவு எடுப்பார்கள், பிறகு 15 கெல்வினில் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே இத்தனை பிகோவாட் வித்தியாசம் வர வேண்டும் என்று, வெப்பநிலைக்குத் தக்க கதிர்வீச்சைக் கணக்கிடும் பிளாங்க் விதி சொல்லும். உணரி காட்டியது அதில் எத்தனை பங்கு என்பதுதான் கருவியின் திறன். எதிர்பார்த்ததில் பாதிதான் வருகிறது என்றால், எங்கோ ஓர் இணைப்பு சரியில்லை. அதைப் பார்க்க முழுவதையும் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, திறந்து, சரிசெய்து, மறுபடி குளிரூட்ட வேண்டும்.

இப்போது ஜன்னலைத் திறப்போம். சிக்கலே இங்குதான். வானத்தின் சில கெல்வின் வெளிச்சத்துக்காகச் செய்த துணுக்கு, 300 கெல்வின் அறையைப் பார்த்ததும் விளிம்பைத் தாண்டிச் சாதாரண உலோகமாகிவிடும். அதற்குப் பிறகு அதற்குக் கண் தெரியாது. ஒரு வழி, முன்னால் வடிகட்டி வைத்து வெளிச்சத்தை மட்டுப்படுத்துவது. தென் துருவத்தில் தொலைநோக்கி வைத்திருக்கும் பைசெப் குழுவினர் செய்தது எனக்கு இன்னும் அதிகம் பிடிக்கும். அவர்களுடைய உணரியில் இரண்டு மீக்கடத்திகளைத் தொடராகக் கோத்தார்கள்: அரை கெல்வின் அளவில் நிலைமாறும் டைட்டானியம் ஒன்று, 1 கெல்வினுக்குச் சற்று மேலே நிலைமாறும் அலுமினியம் ஒன்று. தென் துருவ வானத்தைப் பார்க்க டைட்டானியம். ஆய்வக அறையைப் பார்க்க அலுமினியம். சோதனைக்கென்றே ஒரு தனிக் கண்ணைக் கருவிக்குள் வைத்துக்கட்டிவிட்டார்கள்.

அதன்பின் பழைய வேலைகள் நடக்கும். தெர்மகோல் பெட்டியில் திரவ நைட்ரஜனை ஊற்றி, கரி கலந்த கறுப்பு நுரையை அதில் ஊறவைத்தால் அது 77 கெல்வின் படிக்கல். அதையும் அறையையும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு உள்ளே விடுகிறது என்று ஃபூரியர் நிறமாலைமானியால் அளப்பார்கள். நம் பால்வீதியின் தூசியையும் ஆதி ஒளியையும் பிரிக்க இந்த அளவு பிசகக் கூடாது.

கருவி வானத்தின் எந்தப் புள்ளியைப் பார்க்கிறது, ஓரப் பார்வையில் எதையெல்லாம் தவறிப் பார்த்துவிடுகிறது என்பது இன்னொரு தலைவலி. இதைச் சோதிக்க ஒளி மூலத்தைப் போதுமான தொலைவில் வைக்க வேண்டும். துளையின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் அந்தத் தொலைவு கிடைக்கும். 2 மில்லிமீட்டர் அலைக்கு, 26 சென்டிமீட்டர் துளையுள்ள பைசெப் தொலைநோக்கிக்கு ஏறத்தாழ 70 மீட்டர். ஒரு கம்பத்தின் மேல் மூலத்தைக் கட்டிவிடலாம். 6 மீட்டர் தொலைநோக்கிக்கோ 36 கிலோமீட்டர்! எந்த ஆய்வகத்தில் இடம் இருக்கிறது? அதனால் சிகாகோ பல்கலைக்கழகத்தில், சைமன்ஸ் பெரிய தொலைநோக்கியின் பல ஒளியியல் குழாய்களில் ஒன்றை மட்டும் தனி கிரையோஸ்டாட்டில் வைத்து, அதன் முன்னே சிறிய நுண்ணலை மூலத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, அலையின் வலிமையையும் கட்டத்தையும் பதிவுசெய்தார்கள். அருகில் அளந்து தொலைவைக் கணக்கால் வருவிப்பது. ரேடியோ ஹோலோகிராபி என்று பெயர். வழிதவறும் ஒளியை விழுங்க அந்தக் குழாய்களின் உட்சுவரில் கரி கலந்த பிளாஸ்டிக் ஓடுகளைப் பதித்திருக்கிறார்கள்.

என்ன செய்தும் சில விஷயங்கள் கைநழுவும். ஆதி ஒளியை அளக்க 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் செயற்கைக்கோளை பிரான்சின் ஓர்சேயிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் அவ்வளவு சோதித்தார்கள். ஆனாலும் அதன் உயர் அதிர்வெண் கருவியில் தொடர் குறிகையை எண்களாக மாற்றும் சில்லு சீராக மாற்றவில்லை என்பது ஏவிய பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. தரவைத் திருத்த வருடங்கள் ஆயின.

கோணத்தின் கதை இதைவிடச் சுவையானது. தளவிளைவை அளக்கும் உணரி எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு வளையத்தில் மெல்லிய கம்பிகளை இணையாகக் கட்டி, கருவியின் முன்னே சுழற்றினால், ஒரு சுற்றுக்கு இருமுறை குறிகை ஏறி இறங்கும். அதிலிருந்து கோணத்தைக் கணிக்கலாம். இதில் ஒரு சிறு பிழை இருந்தாலும், வானமே தளவிளைவைச் சற்றுத் திருப்பிவிட்டது போலத் தோன்றும். ஆதி ஒளியை மட்டும் வைத்து இரண்டுக்கும் வித்தியாசம் காண முடியாது. பிளாங்க் குழு 2016இல் அறிவித்தபோது, ஆதி ஒளி 0.31 டிகிரி திரும்பியிருப்பதுபோலத் தெரிந்தது. புள்ளியியல் பிழை 0.05தான். ஆனால் ஏவுவதற்கு முன் தரையில் அளந்த கோணத்தின் பிழை 0.28. அந்த ஒரே எண்ணால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2020இல் யூட்டோ மினாமியும் எய்ச்சிரோ கோமட்சுவும் பால்வீதித் தூசியின் ஒளியையே படிக்கல்லாக்கி, தரை அளவீட்டைத் தவிர்த்துக் கணக்கிட்டு 0.35 டிகிரி, பிழை 0.14 என்றார்கள். உண்மையானால் புதிய இயற்பியல். பிளாங்கின் கோணத்தை மறுபடி அளக்க வழியில்லை. 2013 அக்டோபரில் அதை அணைத்து, சூரியனைச் சுற்றும் பாதையில் விட்டுவிட்டார்கள்.

ஆகவே, ஆதிப் பிரபஞ்சத்தில் அதிசயம் கண்டுபிடிப்பு என்று அடுத்த தடவை செய்தி வந்தால், படத்தைப் பார்த்து வியப்பதற்கு முன் ஆய்வுக்கட்டுரையின் கருவிப் பகுதியைத் தேடிப் பிடியுங்கள். கோணத்தின் பிழை எவ்வளவு, அதை எங்கே, எதை வைத்து அளந்தார்கள் என்று முதலில் படியுங்கள்.