ஆமையாக மாறிப் பாருங்கள்!

கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்கவேண்டும் என்ற ஆவல் உங்களுள் பலருக்கு இருக்கும். அதற்காகத் தடித்த நூல் ஒன்றை வாங்கி முதல் இயலிலிருந்து நெட்டுருப் போடத் தொடங்கிவிடாதீர்கள். இலக்கணம் படித்துவிட்டா நாம் பேசத் தொடங்கினோம்? ஒரு விளையாட்டுப் பொருளுடன் தொடங்குவோம். அது ஓர் ஆமை.

1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் முதலியோர் சிறுவர்களுக்கென்றே 'லோகோ' என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். பேப்பர்ட் கணித வல்லுநர். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த ழான் பியாஜேயுடன் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். லோகோவின் கட்டளைப்படி தரையில் ஊர்ந்து, பேனாவால் கோடு வரையும் இயந்திர ஆமை சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. பின்னர் அது திரைக்குள் குடிபுகுந்தது. இன்று பைத்தான் மொழியை நிறுவினால் பொதுவாக அதனுடனேயே ஓர் ஆமையும் வந்துவிடுகிறது. அதற்குத் தனி விலை இல்லை.

ஆமைக்குத் தெரிந்தவை மிகச் சில. 'முன்செல் 100' என்றால் 100 அலகு நகரும். 'வலம் திரும்பு 90' என்றால் நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும். (பைத்தானில் இவை ஆங்கிலச் சொற்கள், விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன்.) இவ்விரண்டையும் நான்கு முறை செய்யச் சொன்னால் சதுரம் தயார்.

அடுத்து, சமபக்க முக்கோணம் வரையுங்கள். அதன் கோணம் 60 பாகை என்று கீழ்வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். எனவே 'முன்செல் 100, வலம் திரும்பு 60' என்பதை மூன்று முறை செய்யச் சொல்வீர்கள். முக்கோணம் வராது! வாய் திறந்த கிண்ணம் போன்ற உருவம்தான் வரும்.

கல்லூரிக்கு வரும் மாணவர்களுள் பலர் விடை பிழையானால் உடனே அடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் ஏட்டைப் பார்க்கிறார்கள். பிழையை உற்றுப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. நீங்கள் அழிக்காதீர்கள். தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய முக்கோணம் வரைந்து, நீங்களே ஆமையாகி அதன்மீது நடங்கள். ஒரு மூலைக்கு வந்ததும் உங்கள் மூக்கு நேரே முன்னால் பார்க்கிறது. அந்தத் திசையிலிருந்து அடுத்த பக்கத்தின் திசைக்கு எவ்வளவு திரும்பினீர்கள்? 60 அன்று, 180-இல் 60 போக, 120 பாகை! நூலில் படித்தது உள்கோணம். ஆமை திரும்புவது வெளிக்கோணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முழுதும் சுற்றிவந்து தொடங்கிய திசையையே பார்க்கும்போது மொத்தம் 360 பாகை திரும்பியிருப்பீர்கள். அதை மூன்றால் வகுத்தால் 120, நான்கால் வகுத்தால் 90. அப்படியானால் நாம் முதலில் தந்த 60? மூன்றுக்குப் பதில் ஆறு முறை செய்யச் சொல்லுங்கள். தேனடையின் அறை போன்ற அழகிய அறுகோணம் பிறக்கும்.

பள்ளியில் கணிப்பொறி இல்லையே என்று வருந்தவேண்டாம். கட்டளைகளைத் தாளில் எழுதி நண்பனிடம் கொடுத்து, விளையாட்டுத் திடலில் நடக்கச் சொல்லுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: எழுதியதை மட்டுமே அவன் செய்யவேண்டும், உங்கள் மனத்தில் இருப்பதை ஊகித்துச் செய்யக்கூடாது. கணிப்பொறியும் அப்படித்தான்.

எழுகோணம் சற்றுத் தொல்லை தரும். 360-ஐ ஏழால் வகுத்தால் மீதி விழுகிறது. 51 பாகை என்று வைத்துக்கொண்டால் ஏழு திருப்பங்களில் 357 பாகைதான் ஆகும்; உருவம் மூடாது. ஆனால் நிறுத்தாமல் 120 முறை ஓடவிடுங்கள். ஆமை 17 முழுச் சுற்றுகள் சுற்றி, மாக்கோலம் போன்ற பின்னல் ஒன்றை வரைந்து, புறப்பட்ட இடத்திற்கே வந்து நிற்கும். 51-ஐ 120-ஆல் பெருக்கி, 360-ஆல் வகுத்துப் பாருங்கள், காரணம் தெரியும். 52 என்றால் எத்தனை முறை?

கடைசியாக ஒரு வேடிக்கை. 'முன்செல் 1, வலம் திரும்பு 1' என்பதை 360 முறை செய்யச் சொல்லுங்கள். 360 பக்கங்கள் கொண்ட பலகோணம் அது. கண்ணுக்கு வட்டமாகவே தோன்றும். சுற்றளவு 360 என்றால் ஆரம் ஏறத்தாழ 57.3. மேல்வகுப்பு மாணவர்கள் இந்த எண்ணை முன்பே சந்தித்திருப்பார்கள்: ஒரு ரேடியன் என்பது ஏறத்தாழ 57.3 பாகை. ஓர் அலகு நடந்தால் ஒரு பாகை திரும்பும் ஆமைக்கு இந்த எண் எப்படி வந்தது? தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.