சாம்பியன் ரீப்ஸ் காற்றில் ஒரு மாதிரி விமானம்

ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி விமானங்கள் மூன்று நிலைகளில் விற்பனைக்கு வருகின்றன. பெட்டியைத் திறந்து பேட்டரியைச் செருகியதும் பறக்கத் தயாராக இருப்பது ஒன்று. இறக்கை, உடல், வால் எல்லாம் செய்து முடித்து, மோட்டாரையும் மின்கருவிகளையும் மட்டும் வாங்குபவரே பொருத்திக்கொள்ளும்படி விடப்பட்டது இன்னொன்று. மூன்றாவதுதான் அசல் கிட். லேசரால் வெட்டிய பால்சா மரத் துண்டுகள், சில பிளைவுட் பாகங்கள், எஃகுக் கம்பிகள், முழு அளவில் அச்சிட்ட வரைபடம் ஆகியவை மட்டுமே அந்தப் பெட்டியில் இருக்கும். முதல்முறை பழகுபவருக்கு மூன்றாவதே சிறந்தது. பழகும் காலத்தில் விமானம் கீழே விழுவது உறுதி. தன் கையால் கட்டியவருக்குத்தான் உடைந்ததைத் திரும்ப ஒட்டத் தெரியும்.

இந்தக் கலையின் வயது பலர் நினைப்பதைவிட அதிகம். வால்டர் குட், வில்லியம் குட் என்ற அமெரிக்க இரட்டைச் சகோதரர்கள் 1930-களிலேயே ரேடியோ அலையால் மாதிரி விமானத்தைச் செலுத்தினார்கள். பால்சா மரத்தின் வல்லமைக்கு 2003-இல் நடந்ததைவிடப் பெரிய சான்று தேவையில்லை. மேனார்ட் ஹில் என்ற முதிய பொறியாளரின் குழு, பால்சாவாலும் பிளாஸ்டிக் படலத்தாலும் செய்த, 5 கிலோ எடைகூட இல்லாத ஒரு மாதிரி விமானத்தைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஏவி, அட்லாண்டிக்கைக் கடக்கவைத்து அயர்லாந்தில் இறக்கியது. அந்தப் பயணம் ஏறக்குறைய 39 மணி நேரம் நீடித்தது. அப்போது ஹில்லுக்குக் கண்பார்வை பெரும்பாலும் போயிருந்தது.

நம் நாட்டில் இந்தப் பழக்கத்தை வளர்த்ததில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவுக்குப் பெரும்பங்கு உண்டு. மாதிரி விமானம் கட்டுவதும் பறக்கவிடுவதும் அங்கே பயிற்சியின் ஒரு பகுதி. தமிழ்நாட்டில் பலருக்கு இந்தத் துறை அறிமுகமானது நடிகர் அஜித்குமாரால். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ‘தக்‌ஷா’ மாணவர் குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார். அந்தக் குழு 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் ஒருவர் கிட் கட்ட உட்கார்ந்தால், பொருள் தேடிப் பெங்களூருக்குத்தான் போக வேண்டும். தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டபின் இங்குள்ள ஆயிரக்கணக்கானோர் தினமும் வேலைக்குப் போய்வருவது அந்த ஊருக்குத்தான். மாரிக்குப்பத்தில் கிளம்பி பங்காரப்பேட்டை வழியாகப் போகும் அதே ரயிலில் எஸ்.பி. ரோட்டுக் கடைகளை எட்டிவிடலாம். மோட்டார், பேட்டரி, திசைத் தட்டுகளை அசைக்கும் சர்வோ, சாலிடரிங் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். ஊரிலேயே கிடைக்கும் ஒன்று கைத்திறன். சுரங்கப் பட்டறைகளிலும், 1964-இல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனத்தின் தொழிற்சாலையிலும் பழகிய ஃபிட்டர்களும் டர்னர்களும் வாழும் ஊர் இது. அளந்து வெட்டவும் மூலைமட்டம் வைத்துப் பார்க்கவும் சொல்லித்தர யாராவது ஒருவர் பக்கத்து லைன் வீட்டிலேயே இருப்பார்.

கட்டத் தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது ஊரின் உயரம். தங்கவயல் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 850 முதல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் ஏறிய நேரத்தில் இங்குள்ள காற்றின் அடர்த்தி, அதே நேரத்துச் சென்னைக் கடற்கரைக் காற்றைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கை தரும் தூக்குவிசையும் ப்ரொப்பெல்லர் தரும் இழுவிசையும் அடர்த்தியோடு நேர்விகிதத்தில் மாறுபவை. ஆகவே 1.5 கிலோ எடையுள்ள விமானம் இங்கே 1.65 கிலோ விமானம் போலத்தான் நடந்துகொள்ளும். சென்னையில் மணிக்கு 27 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் போனால் மிதக்க மறுக்கும் மாடல், சாம்பியன் ரீப்ஸில் 28.5-லேயே மறுத்துவிடும். தரையில் ஓடி மேலெழும் தூரமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். கண்ணுக்குத் தெரியாத இந்த 150 கிராமைக் கட்டும்போதே மேசைமேல் ஈடுகட்ட வேண்டும்.

அதற்கேற்ற மாடல், இறக்கை உடலுக்கு மேலே அமைந்த பயிற்சி விமானம். இறக்கையின் நீளம் 150 செ.மீ., அகலம் 25 செ.மீ. இருந்தால் பரப்பு 37.5 சதுர டெசிமீட்டர். 1.5 கிலோவுக்கு இது சதுர டெசிமீட்டருக்கு 40 கிராம் சுமை; பழகுபவர் கைக்குள் அடங்கும் அளவு. இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாகவும், இரு முனைகளும் சற்று மேல்நோக்கியும் இருக்க வேண்டும். அப்படி உயர்ந்திருந்தால், ஒரு பக்கம் சாய்ந்த விமானம் பெரும்பாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். இரண்டாம் உலகப்போர் சண்டை விமானங்களின் கிட்டுகள் கண்ணைப் பறிக்கும். அவை குறுகிய இறக்கையும் அதிக வேகமும் கொண்டவை. முதல் கிட்டாக அவற்றை வாங்கவே கூடாது.

பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொரு துண்டையும் வரைபடத்தின்மேல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பால்சா துண்டுக்குத் துண்டு வேறுபடும் மரம். ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ எடையுள்ளதும் உண்டு, 200-ஐத் தாண்டுவதும் உண்டு. கனமான, விறைப்பான பலகைகள் இறக்கையின் நீளத்துக்கு ஓடும் குச்சியான ஸ்பாருக்கும் உடலின் முன்பகுதிக்கும் போகட்டும். மிருதுவான, லேசானவை வாலுக்கு. ஈர்ப்பு மையத்திலிருந்து வால் இருக்கும் தூரம், மூக்கு இருக்கும் தூரத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வாலில் 10 கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும். மொத்தம் 40 கிராம் வீண் எடை.

கட்டுவதற்கு வளைவே இல்லாத பலகை வேண்டும். ஃப்ளஷ் டோர் துண்டு மிகப் பொருத்தம். அதன்மேல் வரைபடத்தை ஒட்டி, பசை ஒட்டாதபடி மெல்லிய பாலித்தீன் தாளை விரித்துவிட்டால் வேலை ஆரம்பம். பசையில்தான் பலர் தாராளம் காட்டுகிறார்கள். ஃபெவிக்விக் வகைப் பசை மரத்தோடு மரம் இடைவெளியின்றிச் சேரும் இடங்களுக்கு; ஒரு சொட்டு போதும். சரிசெய்ய நேரம் வேண்டிய நீண்ட இணைப்புகளுக்கு ஃபெவிகால். மோட்டார் தாங்கும் பலகை, சக்கரக் கம்பி, இறக்கையின் நடு இணைப்பு ஆகிய மூன்றுக்கு மட்டும் அரால்டைட். இடுக்கில் வழிந்த பசையைத் துடைக்காமல் விட்டால் அது எடையாகத் தங்குமே தவிர வலுவாக மாறாது.

இறக்கையில் முதலில் அடி ஸ்பாரை வரைபடத்தின்மேல் ஊசிகளால் நிறுத்தி, அதன்மேல் இறக்கைக்கு வடிவம் தரும் ரிப்புகளைச் செங்குத்தாக நட வேண்டும். ஒவ்வொரு ரிப்பையும் மூலைமட்டத்தால் பார்த்த பிறகே பசை. அடுத்து மேல் ஸ்பார், முன்விளிம்பு, பின்விளிம்பு. இரண்டு ஸ்பார்களுக்கும் நடுவே, ரிப்புக்கு ரிப்பு, இழை செங்குத்தாக நிற்கும்படி மெல்லிய பால்சாத் தட்டுகளை ஒட்ட வேண்டும். சிறிய வேலை என்று இதைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. ஆனால் இந்தத் தட்டுகள்தான் இரண்டு தனிக் குச்சிகளை ஒரே உத்திரமாக மாற்றுகின்றன. இவை இல்லாத இறக்கை, வேகமாகக் கீழே பாய்ந்து நிமிரும் கணத்தில் நடுவில் மடங்கிவிடும். பசை முழுதும் காயுமுன் பலகையிலிருந்து எடுத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்க்கும்போது இடது, வலது இறக்கைகளின் பின்விளிம்பு ஒரே கோணத்தில் தெரிய வேண்டும். முறுக்கு இருந்தால், எத்தனை திருத்தம் செய்தாலும் விமானம் ஒரு பக்கமே இழுக்கும்.

உடற்பகுதியில் அடிக்கடி நடக்கும் தவறு, இரண்டு பக்கப் பலகைகளையும் ஒரே பக்கத்துக்கானவையாகச் செய்துவிடுவது. உள்பட்டைகளை ஒட்டுமுன் இரண்டையும் புத்தகம்போல் விரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தவிரும். குறுக்குச் சட்டங்களை நட்டு, வால் பக்கம் சேர்க்கும்போது நடுக்கோட்டில் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். மோட்டார் பலகையை நேராக ஒட்டக் கூடாது. சுழலும் ப்ரொப்பெல்லர் விமானத்தை இடப்பக்கம் இழுக்கும், வேகம் கூடினால் மூக்கைத் தூக்கும். அதனால் மோட்டாரின் அச்சு வலப்பக்கமாகவும் கீழ்நோக்கியும் 2, 3 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். வரைபடத்தில் இது காட்டப்பட்டிருக்கும்.

வாலின் கிடைத்தட்டு இறக்கைக்கு இணையாகவும், நிமிர்தட்டு அதற்குச் செங்குத்தாகவும் அமைய வேண்டும். இறக்கையின் இரு முனைகளிலிருந்தும் வால் நுனிக்கு நூலால் அளந்தால் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். இறக்கையை உடலோடு போல்ட் வைத்து முடுக்காமல் ரப்பர் பேண்டுகளால் குறுக்காகக் கட்டுவது பயிற்சி விமானங்களில் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. விழும்போது இறக்கை கழன்று ஓடிப்போகும், உடையாது.

எல்லாம் கூடியபின் உப்புத்தாளால் தேய்த்து, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் படலத்தை இஸ்திரி போட வேண்டும். முதலில் ஓரங்களை மிதமான சூட்டில் ஒட்டி, பிறகு சூட்டைக் கூட்டி நடுப்பகுதியை இழுக்க வேண்டும். தங்கவயலின் வறண்ட மாதங்களில் மரம் சுருங்கிப் படலம் தொய்யும். மறுபடி ஒரு தடவை இஸ்திரி போட்டால் சரியாகிவிடும். மேலே ஒரு நிறம், அடியில் அதற்கு நேர்மாறான நிறம் என்று போடுவது அழகுக்காக மட்டும் அன்று. விமானம் வருகிறதா போகிறதா, மல்லாந்திருக்கிறதா என்பதைத் தொலைவிலிருந்து காட்டுவது அதுதான்.

மின்சாரப் பகுதியில் கணக்கு எளிது. பயிற்சி விமானத்துக்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாட் வேண்டும். 1.5 கிலோவுக்கு 300 வாட் என்று வைத்தால், மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரியின் 11.1 வோல்ட்டில் சுமார் 27 ஆம்பியர். 40 ஆம்பியர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி போதும். கிட் 10 அங்குல விட்டம், 6 அங்குலப் பிட்ச் ப்ரொப்பெல்லர் கேட்டால், இந்த உயரத்தில் 11 அங்குலத்துக்குப் போகலாம். அடர்த்தி குறைந்த காற்றில் சுழல்வதால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் சற்றுக் குறைந்திருக்கும். ஆனாலும் வாட்மீட்டர் வைத்து அளக்காமல் மாற்றக் கூடாது. மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும் சிறிய இன்ஜின்களுக்கு இந்தக் காற்று இன்னும் பாதகம், ஆற்றல் நேரடியாகக் குறையும்.

ரிசீவர், டிரான்ஸ்மிட்டர் இரண்டும் இன்று 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. இந்தியாவில் அந்த அலைவரிசை 2005-இல் உரிமத் தேவையிலிருந்து விலக்கப்பட்டது. ரிசீவரின் இரண்டு ஆண்டெனாக் கம்பிகளும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருக்கட்டும். சர்வோக்களைப் பொருத்தும் வேலை முடியும்வரை ப்ரொப்பெல்லரை மாட்டவே கூடாது. கையைத் தவறுதலாக வைத்தால் விரல் போகும். டிரான்ஸ்மிட்டர் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின்தட்டான ஏலரான் மேலெழ வேண்டும், தன் பக்கம் இழுத்தால் வாலின் கிடைத்தட்டில் அசையும் எலிவேட்டர் மேலெழ வேண்டும். எதிர்ப்பக்கம் அசைந்தால் டிரான்ஸ்மிட்டரில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமல் பறக்கவிட்ட விமானம் மேலெழுந்த சில நொடிகளில் நொறுங்கும்.

கடைசியாகச் சமநிலை. பேட்டரி உட்பட எல்லாம் ஏறியபின், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 7 முதல் 7.5 செ.மீ. பின்னால், இரு விரல் நுனிகளில் தாங்கிப் பார்க்க வேண்டும். மூக்கு ஒரு நூல் கீழே சாய்ந்து நின்றால் நல்லது. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளலாம், ஈயம் கடைசி வழி. பிறகு தராசில் வைத்து நிறுக்க வேண்டும். வால் லேசாகவும் பசை சிக்கனமாகவும் அமைந்திருந்தால் முள் 1.5 கிலோவுக்குள் நிற்கும். அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு கிராமும் உயரம் விதித்த 150-இலிருந்து கழிகிறது.

பறக்கவிடும் இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாத சில விஷயங்கள் உண்டு. பரந்து உயர்ந்து நிற்கும் சயனைடு மேடுகள் பார்ப்பதற்கு விமானத் தளம்போல் தெரியலாம். தங்கம் பிரித்த கழிவு மண் அது. காற்றில் பறக்கும் அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு, மோட்டாரின் பேரிங்குக்கும் கேடு. கைவிடப்பட்ட சுரங்க வாய்கள் இருக்கும் பகுதியில் விழுந்த விமானத்தைத் தேடிப் போகவே கூடாது. ஆளும் மின்கம்பியும் இல்லாத திறந்தவெளி, உரிமையாளரின் அனுமதியோடு, ஊருக்கு வெளியே வேண்டும். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், 25 கிலோ வரை எடையுள்ள, பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் கண்பார்வைக்குள் பறக்கும் மாதிரி விமானங்களை வகைச் சான்றிதழிலிருந்து விலக்கியிருக்கின்றன. 2 கிலோவுக்குள் இருப்பதை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட விமானிச் சான்றிதழும் வேண்டியதில்லை. பதிவு எண் மட்டும் பெற வேண்டும். அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலமாக இருக்கும் இடத்தில் 120 மீட்டர் உயரம் வரை பறக்கலாம். கிளம்புமுன் அந்த வரைபடத்தைப் பார்த்துவிடுவது கட்டாயம்.

தென்மேற்குப் பருவக் காலத்தில் இந்த மேட்டு நிலத்தில் காற்று பலமாக வீசும். முதல் பறப்புக்கு விடியற்காலையே தகுந்தது: காற்றோட்டம் அடங்கியிருக்கும், குளிர்ந்த காற்றின் அடர்த்தியும் கூடுதல். டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த ஆற்றலில் வைத்து, முப்பது அடி எடுத்துவைத்து விலகி நின்று, எல்லாச் சர்வோக்களும் அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி அமைத்திருக்க வேண்டும். காற்றை எதிர்த்து நேராக ஓடவிட்டு, சென்னையில் எழும் தூரத்தைத் தாண்டியும் பொறுமையாகக் காத்து, மெல்ல எலிவேட்டரை இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் வேகம் போதாமல் ஒரு இறக்கை தாழ்ந்து விழும்.

போதிய உயரம் வந்தபின் குச்சியை விட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிராக டிரிம் பொத்தானைத் தட்டி நேராக்கலாம். இறங்கியதும் அந்தத் திருத்தத்தை டிரான்ஸ்மிட்டரிலேயே விட்டுவிடாமல், சர்வோ கம்பியின் நீளத்தைத் திருகி மாற்றி, டிரிம்மைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். பேட்டரியைக் கழற்றி, செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்து, தீப்பிடிக்காத டப்பாவில் தனியே வைக்க வேண்டும். ரப்பர் பேண்டுகளில் வெடிப்பு விட்டவை அடுத்த பறப்புக்கு ஆகாது.